பயோவாஷும் ஒரு பேராசிரியரும்

எங்க ஊர் மூலனூரில் பருத்தி ஏலம் பார்த்து வளர்ந்தவன் நான். பக்கத்துல திருப்பூர். பனியன் துணியில நீட்டிக்கிட்டு நிற்கும் பிசிறை எடுக்க பயோவாஷ் போடுவாங்க. அங்க வேலை செய்யறது செல்லுலேஸ் என்ற என்சைம், அதாவது ஒரு புரதம். இந்த மாதிரி புரதங்களைச் சூடு தாங்கும்படி மாற்றி அமைக்கிறவங்க அடிக்கடி ஒரு வரைபடத்தைப் பார்ப்பாங்க. அதுக்கு ராமச்சந்திரன் வரைபடம்னு பேர்.

ஜி. என். ராமச்சந்திரன். முதல் எழுத்து கோபாலசமுத்திரம், நெல்லைச் சீமை ஊர். பிறந்தது 1922-ல் எர்ணாகுளத்தில். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது மின் பொறியியலுக்கு (ட்ரிபிள்-ஈ மக்கள் கவனிக்க). சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1952-ல், 30 வயது நிறையும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவர்.

நம்ம தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் வடிவம் அப்போ யாருக்கும் பிடிபடல. துறை இருந்தது கிண்டி வளாகத்தில். தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே. கொலாஜன் மாதிரிகளுக்குக் குறையில்லை. கங்காரு வாலின் தசைநாரில் நல்ல எக்ஸ்-ரே படம் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் விடை சொன்னார்: மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு. அடுத்த வருடம் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றோடொன்று கயிறு மாதிரி முறுக்கிக் கிடப்பதாகக் காட்டினார்.

அங்கதான் சிக்கல். டிஎன்ஏ புகழ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955-லேயே மறுப்பு எழுதினாங்க. மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்குது. ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு இல்லை, ஒன்றுதான் என்பது அவங்க வாதம். பிணைப்பு விஷயத்தில் பிற்பாடு அவங்க பக்கமே நின்றது. ஆனா முறுக்கிய மூவிழை ராமச்சந்திரனுடையது. சென்னையில் இருந்து வந்த வேலைக்குச் சேர வேண்டிய பெயர் முழுசா சேரலைங்கிறது என் எண்ணம்.

நம்மளா இருந்தா சண்டைக்குப் போயிருப்போம். அவர் அந்த மறுப்பையே ஆராய்ச்சிக் கேள்வியா எடுத்துக்கிட்டார். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? ஏற்கெனவே தெரிந்த படிக அமைப்புகளில் இருந்து தூரங்களைத் திரட்டினார். புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு தட்டையா, கிட்டத்தட்ட திரும்பாம நிற்கும். அதன் இருபுறமும் உள்ள கார்பன் அணுவில்தான் சுழற்சி. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இரண்டு கோணங்கள், ஃபை, சை. ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து கோணம் கோணமா கணக்குப் போட்டால், பெரும்பாலான இடங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளுது! முட்டாத இடங்கள் சில தீவுகள் மட்டும். 1963-ல் அந்தப் படம் அச்சானது.

இன்னைக்கும் ஒரு புரத மாடல் சரியான்னு பார்க்க இந்தப் படத்தைத்தான் முதல்ல போடுறாங்க. ஒரு என்சைமை உறுதியாக்க, வளையும் இடத்தில் புரோலின் வைக்கிறது ஒரு வழி. புரோலினின் ஃபை கோணம் கட்டுப்பட்டது. அந்த இடத்தின் கோணம் தீவுக்குள்ள வருதான்னு பார்க்காம வைத்தால் புரதமே மடங்காம போகலாம்.

1971-ல் லட்சுமிநாராயணனோடு எழுதிய கணித முறை சி.டி. ஸ்கேன் படம் உருவாக்கப் பயன்பட்டது. அது தனிக் கதை. அதே காலத்தில் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.