பாரம் தாங்கிய பெருந்தகை

1920ஆம் ஆண்டு ஸ்ரீநகரில் பிறந்தவர் சதீஷ் தவான். கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் ஆகியவற்றைக் கற்ற அவர், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் காற்றுச் சுரங்கம் நிறுவி, விரைந்து பறக்கும் கலத்தின் உடல்மீது காற்று செலுத்தும் விசையை ஆராய்ந்தார். 1972இல் இஸ்ரோவின் தலைவரானார்.

அவர் காலத்தில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் உயரம் 22 மீட்டர். எடை 17 டன். பெருவிசையைத் தாங்க அதன் கீழ்க்கட்டங்களுக்கு எஃகு உறையும், எடையைக் குறைக்க மேற்கட்டங்களுக்கு இழைநெகிழி உறையும் அமைத்தனர்.

சுண்ணாம்புக்குளம் முதலிய மீனவர் ஊர்களுக்கு எதிரே, பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 10.08.1979 அன்று எழுந்த அவ்வேவூர்தி கடலில் வீழ்ந்தது. செய்தியாளர்முன் தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார் தவான். 18.07.1980இல் வெற்றி கிட்டியபோதோ, திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் செய்தார். தவான் மறைந்த 2002ஆம் ஆண்டிலேயே அவ்வேவுதளம் அவர் பெயரைப் பெற்றது.