சறுக்கிய இடத்திலிருந்து கற்றவர்

கார் பந்தயம் நம்மில் பலருக்கும் தொலைக்காட்சியில் கடந்துபோகும் ஓர் இரைச்சல் மட்டுமே. அதில் ஓடுகிறவர்களின் பெயர்கூட நமக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனால் பிரேசில் நாட்டைச் சேர்ந்த அயர்ட்டன் சென்னாவின் பெயர், அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மறையவில்லை. ஃபார்முலா 1 பந்தயத்தில் மூன்று முறை உலக வெற்றியாளர் ஆனவர், 41 பந்தயங்களில் வென்றவர் என்பதெல்லாம் உண்மைதான். நாம் இங்கே நினைத்துப் பார்க்க விரும்புவது, அவர் செய்த தவறுகளை.

சென்னா 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் சாவோ பாவ்லோ நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது, புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினைப் பொருத்தி ஒரு குட்டி வண்டியைச் செய்து கொடுத்தார் அவருடைய தந்தை. பதின்மூன்று வயதில் கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகளில் போட்டியிடத் தொடங்கினார். காய்ந்த தடத்தில் அந்தச் சிறுவனை எவராலும் எளிதில் பிடிக்க முடியவில்லை. ஆனால் முதன்முதலாக மழையில் ஓட்டியபோது நிலைமை தலைகீழானது. வண்டி அவர் சொன்னபடி கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரை முந்திச் சென்றார்கள்.

வண்டி ஏன் சறுக்குகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரங்களின்மேல் சாய்கிறது. பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. வளைவின் நடுவில் அப்படி மிதித்தாலும், முடுக்கியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலும், அல்லது அவசரப்பட்டு அதை அழுத்தினாலும், பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வண்டியின் பின்பகுதி முன்னே வரப் பார்க்கும். ஒரு நொடியில் வண்டி சுழன்று, வந்த திசையைப் பார்த்து நிற்கும். புதிதாக ஓட்டுகிறவர் இறங்கி வந்து, தடம் சரியில்லை, டயர் சரியில்லை என்பார். (நாமும் பெரும்பாலும் டயரைத்தான் குறை சொல்கிறோம்.) தேறுகிறவரோ, சுழல்வதற்கு ஒரு நொடி முன்பு தன் கால் என்ன செய்தது என்று யோசிக்கிறார்.

சிறுவன் சென்னா அப்படித்தான் யோசித்தான். அதன்பின் மழை பெய்தபோதெல்லாம் மற்றவர்கள் வீட்டுக்குப் போக, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தடத்துக்குப் போனான். சறுக்கினான், சுழன்றான், மறுபடியும் ஓட்டினான். காய்ந்த நாளில் எல்லாரும் செல்லும் பாதையில் டயர்களின் ரப்பர் படிந்திருக்கும். மழை நீர் பட்டால் அதே பாதைதான் அதிகம் வழுக்கும். ஆகவே மழையில் அதை விட்டு விலகி, எவரும் போகாத ஓரத்தில் பிடிப்பைத் தேட வேண்டும். 1984இல் மொனாக்கோவில் கொட்டும் மழையில், வலுக்குறைந்த ஒரு காரில் பதின்மூன்றாம் இடத்தில் தொடங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தார். மறு ஆண்டு போர்ச்சுகலில் அவர் பெற்ற முதல் ஃபார்முலா 1 வெற்றியும் மழையில்தான் வந்தது.

எல்லாத் தவறுகளையும் இப்படிப் பொறுமையாகத் திருத்திக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது. 1983இல் இங்கிலாந்தில் ஃபார்முலா 3 போட்டிகளில் முதல் ஒன்பது பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். பிறகு மார்ட்டின் பிரண்டில் என்ற இளைஞர் அவரை முந்தத் தொடங்கினார். இரண்டாம் இடத்தை ஏற்றுக்கொள்ள சென்னாவுக்கு மனம் வரவில்லை. ஆறு புள்ளிகள் கையில் கிடைத்திருக்க வேண்டிய நாள்களில் காரை உடைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார். பட்டம் கடைசிப் பந்தயத்தில்தான் அவருக்கு உறுதியானது.

அவரை உண்மையாகவே உலுக்கிய நாள் 1988 மே 15. மீண்டும் மொனாக்கோ. முந்தின நாள் தகுதிச் சுற்றில், அதே அணியின் அதே வகைக் காரை ஓட்டிய அலான் புரோஸ்டைவிட ஏறக்குறைய ஒன்றரை விநாடி வேகமாக ஓட்டியிருந்தார். அந்த விளையாட்டில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பந்தயத்திலும் தொடக்கம் முதல் அவர்தான் முன்னால். இரண்டாம் இடத்தில் இருந்த புரோஸ்ட் ஏறத்தாழ 50 விநாடிகள் பின்தங்கியிருந்தார். இனிப் பொறுமையாக ஓட்டினால் போதும் என்று அணியினர் சொன்னார்கள். சென்னாவும் வேகத்தைக் குறைத்தார். வேகம் குறைந்தபோது கவனமும் குறைந்தது. மொத்தம் 78 சுற்றுகளில் 67ஆவது சுற்றில், சுரங்கப் பாதைக்கு முன்னால் உள்ள போர்த்தியே வளைவில் கார் தடுப்பில் மோதி நின்றது. அந்தத் தடத்தின் மெதுவான வளைவுகளில் அதுவும் ஒன்று!

அவர் அணியினரிடம் திரும்பிச் செல்லவில்லை. அருகிலேயே இருந்த தம் வீட்டுக்கு நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலைவரை எவராலும் அவரோடு பேச முடியவில்லை. மழையில் சறுக்கியது அறியாமையால். இங்கே அறியாமை இல்லை, எதிராளியின் நெருக்கடியும் இல்லை. எல்லாம் கைக்குள் இருந்தபோது மனம் வேறெங்கோ போய்விட்டது. அந்தத் தவறு தம்மை விழிக்கச் செய்ததாகவும், முன் எப்போதையும்விடக் கடவுளுக்கு நெருக்கமாக்கியதாகவும் அவர் பின்னாளில் கூறினார். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில் பந்தயம் தொடங்கும்போதே அவர் கார் நின்றுபோய், பதினான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அன்று பதறவில்லை. ஒவ்வொருவராகக் கடந்து, பந்தயத்தையும் முதல் உலகப் பட்டத்தையும் வென்றார். மொனாக்கோவில் 1989 முதல் 1993 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவரே வென்றார்.

இத்தோடு நிறுத்தினால் அழகான கதையாக இருக்கும். ஆனால் 1990ஐ மறைப்பது நேர்மையாகாது. முந்தைய ஆண்டு சுசுகாவில் புரோஸ்டோடு மோதியதும், அதன்பின் தாம் தகுதி நீக்கம் செய்யப்பட்டதும் அவர் மனத்தில் கசப்பாகத் தங்கிவிட்டன. 1990 அக்டோபர் 21 அன்று அதே சுசுகாவின் முதல் வளைவில், புரோஸ்டுக்கு வழிவிடாமல் அவர் காரில் நேராக மோதினார். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில்! இருவரும் பிழைத்தது பெரிய காரியம். அந்த மோதலால் பட்டம் சென்னாவுக்குக் கிடைத்தது. தாம் வேண்டுமென்றே செய்ததை ஓராண்டு கழித்துத்தான் வெளிப்படையாகச் சொன்னார். அப்போதும் வருத்தத்தைவிடக் கோபமே மிகுந்திருந்தது. தடத்தின் சறுக்கலை மறுநாளே ஆராய்ந்த மனிதருக்கு, இதயத்தின் சறுக்கலைப் பார்க்கக் காலம் பிடித்தது. அதற்காக அவரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் தெரியவில்லை.

1993 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் புரோஸ்ட் தம் கடைசிப் பந்தயத்தை ஓட்டினார். வென்றவர் சென்னா. பரிசு மேடையில் அவர் புரோஸ்டைக் கைபிடித்து, முதலிடத்துக்குரிய படியில் தம்மோடு ஏற்றிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இத்தாலியின் இமோலாவில், ஏப்ரல் 30 அன்று, ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் தகுதிச் சுற்றில் உயிரிழந்தார். மறுநாள் காலை சென்னா மற்ற வீரர்களோடு, பாதுகாப்புக்காகக் குரல் கொடுக்கும் ஓட்டுநர் சங்கத்தை மீண்டும் தொடங்குவதுபற்றிப் பேசினார். ஓய்வுபெற்று வர்ணனையாளராக வந்திருந்த புரோஸ்டுக்கு, காரிலிருந்தே வானொலி வழியாக அன்போடு வணக்கமும் சொல்லியிருந்தார். மே 1ஆம் நாள் பிற்பகல், தம்புரெல்லோ வளைவில் அவருடைய கார் தடத்தைவிட்டு விலகிச் சுவரில் மோதியது. அவருக்கு வயது 34. பந்தயம் முடிந்ததும் ராட்சன்பெர்கரின் நினைவாக உயர்த்திக் காட்ட அவர் வைத்திருந்த ஆஸ்திரிய நாட்டுக் கொடி காருக்குள் இருந்தது.

சாவோ பாவ்லோவில் நடந்த அடக்கத்தின்போது அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களுள் அலான் புரோஸ்டும் ஒருவர்.