ஆகாயத்துக்குப் பலூன் விட்ட விஞ்ஞானி

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதைப்போல் 500 கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அவ்வளவு உயரத்துக்குப் பலூன்கள் பறக்கின்றன, கருவிகளைச் சுமந்துகொண்டு!

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு வழி வகுத்தவர் டாக்டர் ஹோமி பாபா.

தந்தையின் நிபந்தனை

1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி பம்பாயில் பிறந்தார். செல்வக் குடும்பம். மகன் என்ஜினீயராகி, ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பு ஆலையில் வேலை பார்க்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அதற்காகவே இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

மகனுக்கோ பௌதிகத்தின் மீது மோகம். என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பில் தேறினால் பிறகு விரும்பியதைப் படிக்கலாம் என்றார் தந்தை. 1930-ல் மகன் முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொன்ன சொல் தவறவில்லை.

ஒன்று பலவாகும் விந்தை

வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத காஸ்மிக் கதிர்கள் பொழிந்துகொண்டே இருக்கின்றன. காமா கதிர் ஒன்று காற்றில் மோதினால் இரண்டு துகள்கள் பிறக்கும். அவை மீண்டும் காமா கதிர்களை உண்டாக்கும். இப்படியே பெருகி, மழையாகக் கொட்டும். இதை 1937-ல் ஹைட்லர் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து கணக்குப் போட்டு விளக்கினார் பாபா. (இவர் ஹிட்லர் அல்ல, ஹைட்லர்!)

ஆகவே, புறப்பட்டு வந்த கதிர் தரைக்கு அப்படியே வந்து சேராது. அதைப் பிடிக்கக் காற்று மெலிந்த உயரத்துக்குப் போகவேண்டும். அதற்குத்தான் பலூன்.

லீவில் வந்தவர்

1939-ல் லீவில் ஊருக்கு வந்தார் பாபா. யுத்தம் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பௌதிகத் துறையின் தலைவர் யார் தெரியுமா? நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன்தான்!

யுத்தம் முடிந்தது. பாபா இங்கேயே தங்கிவிட்டார். 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அந்த நிலையத்தார் முதலில் ரப்பர் பலூன்களை விட்டார்கள். பிறகு பெரிய பிளாஸ்டிக் பலூன்களைத் தாங்களே செய்தார்கள்.

மலையில் முடிந்த பயணம்

1966 ஜனவரி 24-ந்தேதி வியன்னா மாநாட்டுக்குப் புறப்பட்ட பாபாவின் விமானம், ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56.

இரண்டே ஆண்டுகளில், 1968-ல், ஐதராபாத்திலிருந்து பறந்த பலூன் விருச்சிக ராசியில் உள்ள ஒரு நட்சத்திரத்தின் எக்ஸ்ரே கதிர்களை அளந்தது. காமா கதிர்களைத் தேடியும் அங்கிருந்து பலூன்கள் போயின.

வேலை முடிந்ததும் கருவிப் பெட்டி பாரசூட்டில் இறங்கும். பல சமயம் அது விழும் இடம், யாரோ ஒரு விவசாயியின் வயல்!