பத்து நாட்களை நீக்கிய போப்பாண்டவர்!

1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை. அன்றிரவு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மக்கள் வழக்கம்போல் தூங்கப் போனார்கள். காலையில் எழுந்தபோது தேதி என்ன தெரியுமா? அக்டோபர் 15! கிழமை மட்டும் சரியாக வெள்ளிதான். நடுவிலிருந்த பத்து தேதிகளை நீக்கியவர், போப்பாண்டவர் 13-ஆம் கிரிகோரி.

இத்தாலியின் பொலோனா நகரில் 1502-ல் பிறந்தவர் இவர். சட்டம் படித்து, அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். போப்பாண்டவரானது 1572-ல், எழுபதாவது வயதில். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் ஒரு பெரிய கணக்கு அவருக்காகக் காத்திருந்தது.

கத்தோலிக்கர்களுக்குத் 'திருவழிபாட்டு ஆண்டு' என்று ஒன்று உண்டு. அது ஜனவரியில் தொடங்காது. கிறிஸ்துமசுக்கு நான்கு ஞாயிறுகள் முன்பே தொடங்கிவிடும். இயேசுவின் பிறப்பு, பாடுகள், மரணம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றை ஒவ்வோர் ஆண்டும் நினைத்து, அதன் வழியில் வாழப் பழகுவதே இதன் நோக்கம். இதில் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ல் அசையாமல் நிற்கும். ஈஸ்டர் அப்படியல்ல! மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதற்கு 46 நாள் முன்பு சாம்பல் புதன். ஏழு வாரம் கழித்துப் பெந்தகோஸ்து. ஈஸ்டர் தவறினால் எல்லாமே தவறும்.

தவறத்தான் செய்தது. ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டரில் ஓர் ஆண்டு என்பது உண்மையைவிடச் சுமார் 11 நிமிடம் அதிகம். 11 நிமிடம்தானே என்கிறீர்களா? 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும்! மார்ச் 21-ஐ ஒட்டி வரவேண்டிய, பகலும் இரவும் சமமாகும் நாள், கிரிகோரியின் காலத்தில் மார்ச் 11-லேயே வந்தது. அப்படியே விட்டிருந்தால், வசந்த காலத் திருநாளான ஈஸ்டர் மெல்ல மெல்லக் கோடைக்குப் போயிருக்கும்.

கிரிகோரி ஒரு குழு அமைத்தார். லூயிஜி லிலியோ என்ற மருத்துவர் தீட்டிய திட்டம் அதற்குப் பிடித்துப்போனது. பாவம், பலனைப் பார்க்காமலேயே 1576-ல் அவர் இறந்துவிட்டார். கிளாவியுஸ் என்ற கணித மேதை அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். பத்து நாட்களை நீக்குவதோடு, நூற்றாண்டு ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்று முடிவானது. அதனால்தான் 2000-க்கு பிப்ரவரி 29 இருந்தது, 1900-க்கு இல்லை.

ஸ்பெயினில் அவிலா தெரேசா என்ற புகழ்பெற்ற துறவி, அந்த அக்டோபர் 4-ஆம் தேதி இரவில்தான் இறந்தார். மறுநாளே அடக்கம். ஆனால் தேதி 15! அவரது திருநாள் இன்றும் அக்டோபர் 15 அன்றுதான் வருகிறது.

கிரிகோரி 1585-ல் காலமானார். போப்பாண்டவர் சொல்லி நாம் கேட்பதா என்று முறுக்கிக்கொண்ட இங்கிலாந்து, 1752-ல்தான் இந்தக் காலண்டருக்கு மாறியது. அதற்குள் பிழை வளர்ந்துவிட்டதால், அவர்கள் நீக்க வேண்டியிருந்தது பதினொரு நாட்கள்!