மைசூர் டவுன் ஹாலுக்குப் பெயர் தந்த செங்கல்பட்டுக்காரர்

மைசூரில் பெரிய கடிகாரத்தின் அருகே டவுன் ஹால் இருக்கிறது. அதன் முழுப்பெயர் ரங்காசார்லு நினைவு மண்டபம். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போய் வரும் நம்மவர்கள் பலர், பெயரின் முடிவைப் பார்த்து அவரை ஆந்திரர் என்று எண்ணி விடுகிறார்கள். அவர் செங்கல்பட்டுச் சீமையில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்.

பிறந்த ஆண்டு 1831. மைசூர் ராஜ்யத்தை மகாராஜாவிடமிருந்து வெள்ளைக்காரர்கள் தங்கள் நிர்வாகத்துக்கு எடுத்துக் கொண்டதும் அதே ஆண்டில்தான்! ஐம்பது ஆண்டுகள் கழித்து அதைத் திருப்பி வாங்கி நடத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

குமாஸ்தா

சென்னை ராஜதானியின் ரெவினியூ இலாகாவில் சாதாரண குமாஸ்தாவாகத் தொடங்கினார் ரங்காசார்லு. படிப்படியாக உயர்ந்து டிப்டி கலெக்டர் ஆனார். 1868-ல் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அரண்மனைக் கணக்கு வழக்குகளைச் சீர்செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. மைசூருக்கு வந்தவர் அரண்மனைக் கண்ட்ரோலர் ஆனார். கூர்மையான கணக்குப்பிள்ளை என்று பெயர் எடுத்தார்.

சும்மா இருக்கவில்லை. மைசூரில் ஆங்கிலேய நிர்வாகம் எப்படி நடக்கிறது, பெரிய சம்பளத்தில் எத்தனை ஐரோப்பியர்கள் இருக்கிறார்கள் என்று விமரிசித்து, 1874-ல் ஒரு சிறு நூலை லண்டனில் வெளியிட்டார். அட்டையில் தன் பெயரைப் போடவில்லை. அவர்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களையே குறை சொல்வதென்றால் வேறு வழி?

பஞ்சம்

1876 முதல் 1878 வரை மைசூரைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ரயில் பெங்களூரோடு நின்றது. அதற்கு அப்பால் தானியம் மாட்டு வண்டியில்தான் போக வேண்டும். மாடுகளும் தீவனமின்றிச் செத்துக் கொண்டிருந்தன.

1881 மார்ச் 25-ந் தேதி, 18 வயது சாமராஜேந்திர உடையாரிடம் ராஜ்யம் ஒப்படைக்கப்பட்டது. ரங்காசார்லு திவான் ஆனார். கஜானா காலி. பஞ்சக் கடன் 80 லட்ச ரூபாய். ஆண்டு வருமானமே சுமார் ஒரு கோடிதான். அதில் 24½ லட்சம் கப்பமாகப் போக வேண்டும். அதை 35 லட்சமாக உயர்த்தப் போவதாகவும், அந்த உயர்வுக்கு மட்டும் ஐந்தாண்டு தவணை தருவதாகவும் ஏற்பாடு.

செலவைக் குறைப்பதில் இறங்கினார். எட்டு மாவட்டங்கள் ஆறாயின. ஹாசனும் சித்ரதுர்காவும் தனி மாவட்டங்களாக இல்லாமல் போயின. உத்தியோகங்கள் பலவும் போயின. குமாஸ்தாவாக இருந்தவர் கையாலேயே குமாஸ்தாக்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர் என்பதை மறைப்பதற்கில்லை. இந்தச் சிக்கனத்தில் சில அவசரம் என்றே தோன்றுகிறது. கலைக்கப்பட்ட இரண்டு மாவட்டங்களையும் அவருக்குப் பின் 1886-ல் மறுபடி அமைக்க நேர்ந்தது. ஆனால் ரயில் விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. பெங்களூர்-மைசூர் பாதை 1882-ல் முடிந்தது. அடுத்து தும்கூர்ப் பக்கம் பாதை போடவும் ஏற்பாடு செய்தார்.

தசரா சபை

அவரை இன்றும் நினைக்க வைப்பது இன்னொரு காரியம். 1881 அக்டோபர் 7-ந் தேதி, தசரா சமயத்தில், மைசூரில் மக்கள் பிரதிநிதி சபையைக் கூட்டினார். தாலுகாக்களிலிருந்து நிலம் வைத்திருந்த விவசாயிகளும், மாவட்டங்களிலிருந்து வியாபாரிகளுமாக 144 பேர் வந்தனர். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு!

வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று திவான் கணக்குச் சொல்ல, வந்தவர்கள் தங்கள் ஊர்க் குறைகளைச் சொன்னார்கள்.

ஆனால் அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. ஓட்டெடுப்பு இல்லை. உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்களே. கூலிக்காரனுக்கு அங்கே இடமில்லை. இதனால் ரங்காசார்லுவைப் பழமைவாதி என்பவர்கள் உண்டு. அது முற்றிலும் தவறல்ல. நிலமும் பணமும் உள்ளவர்களையே அவர் அழைத்தார். ஆனால் அவர் கை எவ்வளவு கட்டப்பட்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்படைப்புப் பத்திரத்தின்படி, இருக்கும் சட்டங்களை மாற்ற வைசிராயின் சம்மதம் வேண்டும். மகாராஜாவுக்கே இல்லாத அதிகாரத்தைத் திவான் சபைக்கு எங்கிருந்து கொடுப்பது? கணக்கை ஜனங்கள் முன் வைப்பதை யாரும் தடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அவர் நுழைந்தார்.

அடுத்த ஆண்டு தசராவிலும் சபையைக் கூட்டினார். மூன்றாவது தசராவைக் காண அவர் இல்லை. உடல்நலம் கெட்டு, 1883 ஜனவரி 20-ந் தேதி சென்னையில் காலமானார். திவான் பதவியில் இருந்தது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

பின்னால் வந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1891-ல், சபைக்குத் தேர்தல் வந்தது. 1907-ல் சட்டசபை தனியாக ஏற்பட்டது. தசரா சபையோ 1949 வரை நீடித்தது. டவுன் ஹாலுக்கு அடிக்கல் நாட்டியது 1884-ல். நாட்டியவர் சாமராஜேந்திர உடையார்.