ரத்தம் உறையா நோயை ஆராய்ந்த ஹால்டேன்

இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்தவர் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892 நவம்பர் 5-ம் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். கல்லூரியில் கற்றது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான். விஞ்ஞானத்தில் அவர் பட்டம் பெறவில்லை. ஆயினும் மரபியலில் உலகப் புகழ் பெற்றார்.

லண்டனில் பேராசிரியராக இருந்தபோது ஹீமோபீலியா நோயை ஆராய்ந்தார். இந்நோய் உள்ளவர்களுக்குக் காயம் பட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். அக்காலத்தில் பலர் மணமாகும் முன்பே இறந்தனர். அப்படியானால் இந்நோய் ஏன் அடியோடு ஒழியவில்லை? மரபணுவில் புதிதாகவும் மாறுதல் ஏற்படுகிறது என்பதே அவர் கண்ட விடை. அந்த மாறுதல் சுமார் 50,000-ல் ஒன்று என்று 1935-ல் கணக்கிட்டார். வம்சத்தில் இல்லாத நோய் பிள்ளைக்கு வந்தது என்று பெற்றவளைப் பழிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

ரயில்வே வேலைக்கு நிறக்குருடு பரிசோதனை உண்டு என்பதை நம்மவர் அறிவர். அந்தக் குறைக்கும் ஹீமோபீலியாவுக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அருகருகே உள்ளன என்று 1937-ல் ஜூலியா பெல் அம்மையாருடன் சேர்ந்து நிறுவினார். பக்கத்து இருக்கைப் பயணிகளைப் போல் அவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்கலாம். பிற்காலத்தில் டாக்டர்கள் இதே முறையில், நோயைச் சுமக்கும் பெண்களையும் கருவிலுள்ள சிசுவின் நிலையையும் கண்டறிந்தனர். 1984-ல் ஹீமோபீலியாவின் மரபணுவே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதை நேரடியாகவே பரிசோதிக்கலாம்.

1957-ல் ஹால்டேன் கல்கத்தா வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். பிறகு இந்தியக் குடியுரிமை பெற்று, 1962-ல் புவனேஸ்வர் சென்றார். அங்கே புற்றுநோயால் 1964 டிசம்பர் 1-ம் தேதி காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், கடும் ஹீமோபீலியா நோயாளிகள் 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, ரத்தக்கசிவு நின்ற செய்தியை 2024-ல் வெளியிட்டனர்.

பையனுக்கு அடிக்கடி மூட்டு வீங்குகிறதா? சிறு காயத்திலும் ரத்தம் நிற்கவில்லையா? உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நோய் உறுதியானால் தாயையும் சகோதரிகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. அடுத்து பிறக்கும் பிள்ளையைக் காப்பதற்காக.