குமாரசாமி ராஜாவுக்கு நியாயமான சான்ஸ் கிடைச்சதா?

ராஜபாளையம்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது நாய்தான். தப்பில்ல, அந்த வெள்ளை நாய்க்கு அவ்வளவு பேரு. கொஞ்சம் யோசிச்சா நூல் மில் ஞாபகம் வரும், சிமெண்ட் ஞாபகம் வரும். இதே ஊர்ல இருந்து ஒருத்தர் போய் சென்னைக் கோட்டையில முதலமைச்சரா மூணு வருஷம் உட்கார்ந்திருந்தார்னு சொன்னா, உங்க கிளாஸ்ல எத்தனை பேர் அவர் பேரைச் சொல்வாங்க? டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிற சீனியர் யாராவது டக்குனு சொல்லலாம்: பி.எஸ். குமாரசாமி ராஜா, சென்னை மாகாணத்தின் கடைசி பிரீமியர், சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர். ஒரு மார்க் கேள்வி. அதோட முடிஞ்சுது.

அந்த ஒரு மார்க்குக்குப் பின்னாடி ஒரு வாதம் இருக்கு. நம்ம எல்லாருக்கும் பழக்கமான வாதம்தான். டீம்ல மெயின் பிளேயருக்கும் கேப்டனுக்கும் ஒத்துப்போகல, பெஞ்ச்ல உட்கார்ந்திருந்த ஒருத்தரைத் திடீர்னு இறக்கி விடுறாங்க. பிட்ச் ஏற்கெனவே உடைஞ்சு கிடக்கு. அவர் சரியா ஆடல. அடுத்த மேட்ச்ல ஆள் இல்ல. அவருக்கு நியாயமான வாய்ப்பு கிடைச்சதுன்னு சொல்லலாமா, கூடாதா? குமாரசாமி ராஜாவோட வாழ்க்கையை இந்தக் கேள்வியோட படிச்சுப் பாருங்க.

அவர் பிறந்தது 1898 ஜூலை 8, ராஜபாளையத்துல. முழுப் பேர் பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. பழைய தமிழ்ப் பத்திரிகைகள்ல பூ.ச. குமாரசுவாமி ராஜான்னு இருக்கும். வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ் பேசுற ராஜூக்கள் குடும்பம். பிறந்து ஒரு வாரம் போல ஆகும்போது அம்மா போயிட்டாங்க. மூணு வயசுல அப்பாவும் இல்ல. வளர்த்தது பாட்டி. இதைப் படிச்சு உச்சுக்கொட்ட வேண்டாம், அவர் வறுமையில வளரல. வசதியான குடும்பம்தான். ஆனா தனக்குன்னு முன்னாடி நின்னு வழி காட்ட ஆள் இல்லாம வளர்ந்த பிள்ளை. அன்னிபெசன்ட், சத்தியமூர்த்தி, அப்புறம் காந்தின்னு அந்தக் காலத்து இளைஞர்கள் போன அதே பாதையில காங்கிரசுக்கு வந்தார். ஊர் நிர்வாகம், சட்டசபை, சிறைன்னு படிப்படியா வளர்ந்தார். மேடையில அனல் பறக்கப் பேசுற ஆள்னு யாரும் அவரை நினைவு வெச்சுக்கல. அடக்கமானவர், சண்டைக்குப் போகாதவர்னுதான் பேரு. நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒருத்தன் இருப்பான் பாருங்க, எல்லா வேலையும் செய்வான், குரூப் போட்டோவுல ஓரமா நிப்பான். அந்த மாதிரி.

இப்போ கேப்டன் கதைக்கு வருவோம். 1946 தேர்தலுக்குப் பிறகு சென்னை மாகாணத்துல பிரகாசம் பிரீமியர் ஆனார். 11 மாசம்கூட முழுசா நிக்கல. 1947 மார்ச்சுல ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். நேர்மைக்குப் பேர்போன மனுஷன், அதே அளவு பிடிவாதமும் உண்டு. கட்சி சொல்றபடி ஆட்சி நடக்காதுன்னு நின்னார். கட்சின்னா அப்போ காமராஜர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அவர் கையில. ரெண்டு பேருக்கும் ஒத்துவரல. 1949 ஏப்ரல் 6-ம் தேதி ரெட்டியார் போய் குமாரசாமி ராஜா வந்தார்.

விருதுநகரும் ராஜபாளையமும் அப்போ ஒரே ராமநாதபுரம் மாவட்டம். காமராஜருக்குத் தெரிஞ்சவர், நம்பகமானவர், யாரோடும் பகை இல்லாதவர். அதனால ராஜா தேர்வு ஆனார். மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு அவர் வரல, கட்சிக்குள்ள நடந்த இழுபறியோட முடிவா வந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை டம்மின்னு ஒதுக்குறவங்க உண்டு. எனக்கு அது சரின்னு படல. அவருக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் அதே சட்டசபைக் கட்சிக்குள்ள நடந்த கணக்குலதான் வந்தாங்க. வந்த வழியை வெச்சு ஆளை எடை போடணும்னா மூணு பேரையும் போடணும்.

அவர் இறங்கின பிட்ச் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. இன்னிக்கு இருக்கிற தமிழ்நாடு இல்ல அது. கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த நாலு மொழி மாகாணம். மழை பொய்ச்ச வருஷங்கள். அரிசிக்கு ரேஷன், ஊர் விட்டு ஊர் தானியம் கொண்டு போகத் தடை, விவசாயிகிட்ட அரசு கட்டாயக் கொள்முதல். விளைவிச்சவனுக்கும் கோபம், வாங்கித் தின்னவனுக்கும் கோபம். ரெட்டியார் காலத்துல 1948-ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துட்டதால கள், சாராய வருமானமும் கிடையாது. தனி ஆந்திரா கேட்டு ஒரு பக்கம் போராட்டம். அதுக்காகப் போட்ட பிரிவினைக் கமிட்டிக்கு ராஜாவே தலைவர். உறுப்பினரா இருந்த பிரகாசம் சென்னை நகரம் விஷயத்துல மாற்றுக் குறிப்பு எழுத, அது அங்கேயே நின்னுபோச்சு. தெலுங்கு பேசுற தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் அந்த நாற்காலியில உட்கார்ந்து அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கணும்னா எவ்வளவு கஷ்டம்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இந்த நெருக்கடிக்கு நடுவுல 1950 ஜனவரி 26 வந்தது. அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் பிரீமியர் பதவி முதலமைச்சர் ஆச்சு. நம்ம ஒரு மார்க் கேள்விக்குக் காரணம் இந்தத் தேதிதான்.

அடுத்து வர்ற விஷயம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்க ஒவ்வொருத்தருக்கும் நேரடியா சம்பந்தப்பட்டது. அப்போ சென்னை மாகாணத்துல மருத்துவ, இன்ஜினியரிங் காலேஜ் சீட் எல்லாம் வகுப்புவாரி அரசாணைப்படி பிரிச்சுக் கொடுத்தாங்க. ஒவ்வொரு 14 இடத்துலயும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. புதுச் சட்டம் வந்த சில மாசத்துல இதை எதிர்த்து ரெண்டு வழக்கு. ஒண்ணு மருத்துவ சீட் சம்பந்தமா செண்பகம் துரைராஜன் போட்டது. இன்னொண்ணு இன்ஜினியரிங் சீட் கேட்ட ஒரு மாணவர் போட்டது. உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாதுன்னுடுச்சு. ராஜாவோட அரசு விட்டுடல, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1951 ஏப்ரல் 9-ல அங்கேயும் தோத்துச்சு. தமிழ்நாட்டுல பெரியார் போராட்டம், டெல்லியில காமராஜரோட அழுத்தம். அந்த ஜூன்லயே அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. நீங்க கவுன்சலிங்ல பார்த்த அந்தப் பட்டியல்களோட சட்ட அடிப்படை அதுதான். இந்தக் கதை சொல்லும்போது பெரியார், காமராஜர், நேரு, அம்பேத்கர் பேரெல்லாம் வரும், வரணும். வழக்கை நடத்தித் தோத்த அரசோட தலைவர் பேரு மட்டும் வராது.

இதை மட்டும் சொல்லிட்டு நிறுத்தினா நான் வக்கீல் மாதிரி ஆயிடுவேன். அதே முதல் திருத்தத்துல இன்னொரு பாதி இருக்கு, கருத்துரிமைக்கு வேலி போடுற 19(2). அதுக்கும் ஒரு முக்கியக் காரணம் இதே சென்னை அரசு. ரொமேஷ் தாப்பர் நடத்தின கிராஸ் ரோட்ஸ் பத்திரிகை சென்னைக்குள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. 1950-ல உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு. அதோட விளைவும் அந்தத் திருத்தத்துல சேர்ந்துச்சு. அதைவிடப் பெரிய கறை சேலம் சிறை. 1950 பிப்ரவரி 11-ம் தேதி அங்கே இருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மேல துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் செத்தாங்க. குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்துச்சு. பொறுப்பு முதலமைச்சருக்கு இல்லாம வேற யாருக்கு? அமைதியான மனுஷர், நல்லவர்னு சொல்லி இதைத் தாண்டிப் போக முடியாது. மாற்று ஆட்டக்காரர்னாலும் பேட் கையில இருக்கிற வரைக்கும் ஆட்டம் அவரோடது.

இந்து சமய அறநிலையச் சட்டம் 1951-ல வந்ததும் அவர் காலத்துலதான். கோயில் நிர்வாகம் பத்தி இன்னிக்கும் நடக்கிற சண்டை அங்கிருந்து ஒரு நீளக் கதை. அதை வேற யாராவது எழுதுங்க.

1952 ஜனவரி. முதல் பொதுத் தேர்தல். ராஜா நின்ன தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரை–தென்காசி ரோட்டுல ராஜபாளையத்துக்கு முந்தின ஊர், பஸ் ஏறினா பால்கோவா வாங்கின கை ஈரம் காயறதுக்குள்ள வந்துடும். அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் தங்க ஊர்க் கோபுரம்னு அங்கே எல்லாரும் சொல்வாங்க, மதுரைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. சொந்த மண், சொந்த ஜனம், கையில முதலமைச்சர் பதவி. தோத்துட்டார். அவர் மட்டுமில்ல, பக்தவத்சலம் உள்படப் பல அமைச்சர்களும் தோத்தாங்க. 375 இடத்துல காங்கிரசுக்குக் கிடைச்சது 152. அதே தேர்தல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ங்கிற பேர்லயே இருந்த பார்லிமெண்ட் தொகுதியில நின்ன காமராஜர் ஜெயிச்சார். கேப்டன் பாஸ், இறக்கி விடப்பட்டவர் அவுட்.

இங்கேதான் வாதம் சூடாகுது. ராஜா பக்கம் பேசுறவங்க சொல்றது என்னன்னா, பஞ்சத்துக்கும் ரேஷனுக்கும் அவர் பலியானார்ங்கிறது. அதுக்கு ஆதாரம் மாதிரி ஒண்ணு நடந்தது. அடுத்து வந்த ராஜாஜி 1952 ஜூன்ல உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார், ஜனங்க மூச்சு விட்டாங்க, பாராட்டு அவருக்கு. இதுல ஒரு நெருடல். ராஜாஜி அந்தத் தேர்தல்ல நிக்கவே இல்ல. கவர்னர் அவரை மேலவைக்கு நியமிச்சார். 1952 ஏப்ரல் 10-ல பதவி ஏத்துக்கிட்டார். ஜனங்க முன்னாடி நின்னு தோத்தவர் வீட்டுக்குப் போக, நிக்காதவர் கோட்டைக்கு வந்தார். உங்களுக்குக் கோபம் வருதா? எனக்குக் கொஞ்சம் வந்துச்சு.

ஆனா நான் முடிவா ராஜா பக்கம் சாயல. காரணம், நாம வாய்ப்புன்னு பேசும்போது அவரை மட்டுமே பார்க்கிறோம். 1946-ல ஓட்டுப் போட்டது சொத்து, வரி, படிப்புன்னு தகுதி இருந்த கொஞ்சம் பேர்தான். ராஜா முதலமைச்சரா இருந்தது அவங்க தேர்ந்தெடுத்த சபையில. 1952-லதான் 21 வயசு ஆன ஒவ்வொருத்தரும் ஓட்டுப் போட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காட்டு வேலைக்காரங்க, தறிக்காரங்க, ரேஷன் கடையில வரிசையில நின்ன பொம்பளைங்க. அதுவரைக்கும் அவங்கதானே பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தாங்க? அவங்களுக்குக் கிடைச்ச முதல் சான்ஸை அவங்க தங்க பசியை வெச்சுத்தான் பயன்படுத்துவாங்க. மழை பெய்யாததுக்கு முதலமைச்சர் என்ன பண்ணுவார்னு கேட்கலாம். வரிசையில நின்னவங்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க இல்ல. மூணு வருஷம் கிடைச்சது. பிட்ச் மோசம்தான், ஆனா அது அவருக்குக் கிடைச்ச சான்ஸ்தான்.

பதவியில இருந்த முதலமைச்சர் சொந்தத் தொகுதியில தோக்கிறது பின்னாடியும் நடந்தது. 1967-ல ஸ்ரீபெரும்புதூர்ல பக்தவத்சலம், 1996-ல பர்கூர்ல ஜெயலலிதா. ஜெயலலிதா திரும்பி வந்தாங்க. ராஜா வரல. திரும்ப வர்றதுக்கு உள்ளுக்குள்ள ஒரு வெறி வேணும், அது அவர்கிட்ட இருந்ததுக்கு அடையாளமே இல்ல. 1954-ல ஒடிசா கவர்னரா அனுப்பினாங்க. அதே வருஷம் ராஜாஜி விலகி, இறக்கி விடுற கேப்டனா இருந்த காமராஜரே முதலமைச்சர் ஆனார். அந்த ஒன்பது வருஷத்தோட வெளிச்சத்துல முன்னாடி இருந்தவங்க எல்லாருமே மங்கிப்போனாங்க, ராஜா இன்னும் அதிகமா. 1956-ல கவர்னர் பதவியை விட்டு ஊருக்கு வந்தார். 1957 மார்ச்சுல இறந்தார். வயசு 58.

ராஜபாளையத்துல அவர் இருந்த வீட்டை அவர் பிள்ளைகளுக்குன்னு வெச்சுக்கல, ஊருக்கே எழுதிக் கொடுத்துட்டார். இப்போ அது காந்தி கலை மன்றம். அடுத்த தடவை குற்றாலத்துக்கு டூர் போகும்போது வண்டி அந்த ஊர் வழியாத்தான் போகும். டீக்கு நிறுத்தினா, நாய்க்குட்டி விலை விசாரிச்சு முடிச்ச பிறகு, மன்றம் எங்கேன்னும் கேளுங்க. வழி சொல்வாங்க.